உளுந்துச் செடி பரப்பிய ரோட்டில்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்ற திமிர், பாகூர் ஏரிக்குப் பக்கத்து ரோட்டில் பட்டப்பகலில் போனது. ஒரு பொம்பளையின் உயிர் அன்றைக்கு என் காலடியில் இருந்தது. அதைக் காப்பாற்றியது நான் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இருபது வருஷம் பழைய வேன் ஓட்டியவன் நான். வழுக்கும் இடத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும், ஒரேயடியாக அமுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டு போகும் என்பது என் காலுக்கே தெரியும். ஏபிஎஸ் பிரேக் உள்ள கார் வாங்கியபோது, மெக்கானிக்கான என் மச்சான், "மாமா, இதுல வுட்டு வுட்டு மிதிக்காத. ஒரே அமுக்கா அமுக்கு. காலுக்கடியில கடகடன்னு ஒதறும், பயந்துடாத. அதுவே வுட்டு வுட்டுப் புடிக்கும்" என்றான். "போடா, எனக்கே பாடமா?" என்று சிரித்தேன்.

எங்கள் பக்கம் உளுந்து பிடுங்கினால் செடியைத் தார் ரோட்டில்தான் பரப்புவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். அன்றைக்கு வளைவு திரும்பினேன், ரோடு முழுக்கக் காய்ந்த செடி. நடுவில் ஒரு அம்மா எனக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு, போனில் பேசியபடி செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மிதித்தேன். சருகாகக் காய்ந்த செடி மேல் டயர் பிடிக்கவே இல்லை. பெடல் கடகடவென்று என் காலை உதைத்தது. பிரேக் போச்சுடா என்று பழைய புத்தியில் காலை எடுத்துவிட்டேன். ஐயோ, கார் நேராக அந்த முதுகைப் பார்த்துப் போகிறது! மறுபடி அமுக்கினேன், இந்த முறை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். என் வேனாக இருந்தால் ஒடித்தாலும் நேராகத்தான் போயிருக்கும். இது திரும்பியது, சாமி! அந்த வழுக்கலிலும் சொன்ன பேச்சைக் கேட்டு, அவரை ஒரு முழம் விட்டு விலகி, தண்ணீர் பாய்ச்சிய வயலில் இறங்கியது. சேற்றிலும் கடகடவென்று பிடித்துக்கொண்டே போய் வரப்புக்கு முன்னால் நின்றது. அந்த ரெண்டு நொடியில் எத்தனை தடவை விட்டுப் பிடித்ததோ, எந்த மனுஷன் காலுக்கு அது வரும்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்த அம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"யோவ், இன்னாய்யா நீ! செடி மேல ஏத்திக்கினு போவாம வயல்ல இறங்குற? ஒரு வண்டி வரலியேன்னு காலைலேர்ந்து குந்திக்கினு கீறேன். வந்த ஒன்னும் ஒதுங்கிப் போவுது!"

என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கொஞ்சம் ஓரமா நில்லும்மா, ஏத்துறேன்" என்றேன்.

சேற்றிலிருந்து ரிவர்ஸ் எடுத்து, அந்தச் செடி மேல் நாலு தடவை போய் வந்தேன். "இன்னொரு வாட்டி" என்று கை காட்டினார். போனேன்.