பிப்ரவரி முப்பதில் அமிழ்ந்த நீர்

“பிப்ரவரி 30. கலப்பு அடிவரை. நன்று.”

பலசரக்குக் கடை ரசீதின் பின்புறத்தில் நீல மையில் என் மனைவி எழுதியது. பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் எந்த வீடு எப்போது இடிக்கப்பட்டது, கோயில் குளம் எப்போது தூர்வாரப்பட்டது என்று நாள்வாரியாகக் குறித்துவைக்கிறவன் நான். தேதி போட்ட காகிதம் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. இதை எந்த நாளின் உறையில் போடுவதென்றுதான் தெரியவில்லை. அப்படி ஒரு நாளே உலகத்தில் இல்லை.

என் மனைவி ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வு நிலையத்தில் கடலை மாடலாகக் கணினியில் ஓடவிடுகிறாள். அவளுடைய கடல் லாப்ரடார். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் இருக்கிறது. குளிர்காலத்தில் நிலத்திலிருந்து வறண்ட உறைகாற்று அந்தக் கடல்மேல் வீசும்போது மேல்நீர் சூட்டை இழந்து கனத்துக் கீழே இறங்கும். குளிர்காலக் கடைசியில், சில வாரங்கள் மட்டும், அந்தக் கலப்பு ஆயிரம் மீட்டருக்கும் கீழே போகும். இறங்கிய நீர் ஆழத்திலேயே தெற்கு நோக்கி ஊர்ந்து உலகம் சுற்றும். இதை நான் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஆனால் கணினிக்குள் இதை நடக்கவைப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. உப்பு கொஞ்சம் குறைந்தால் நீர் இறங்காது. பனி கொஞ்சம் கூடினால் மூடிபோட்டதுபோல் நின்றுவிடும். எல்லாம் சரியாக இருந்தால் இறங்கக்கூடாத இடத்தில் இறங்கும். “இன்னிக்கும் மூழ்கல” என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பைக் கழற்றிய மாலைகள் பல.

இந்த வருஷம்தான் அவளுக்கு ஒரு பெரிய முடிவு கிடைத்தது. முப்பது வருஷத்தை ஓடவிட்டால், ஆரம்ப வருஷங்களில் கப்பல்காரர்கள் அளந்ததுபோலவே நீர் அடிவரை இறங்குகிறது. பிறகு வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கடைசிப் பத்தாண்டில் அநேகமாக நின்றேவிடுகிறது. மற்றவர்களுக்காக வருஷக்கணக்கில் கணினி ஓட்டிக்கொடுத்தவளின் பெயர் முதல் பெயராக வரப்போகும் கட்டுரை இது. விஷு கழிந்து இரண்டொரு நாளில் அனுப்பவேண்டும். பிரிவின் தலைவர் பத்திரிகைக்குக் கட்டுரையோடு போகும் முகப்புக் கடிதம்கூட எழுதிவைத்துவிட்டாராம். வலியசாலையில் இருக்கும் அவள் அண்ணா மட்டும் மசியவில்லை. “நம்ம சங்குமுகம் பீச்சுல ரோடே கடல்ல போயிண்டிருக்கு. நீ வடக்குல எங்கயோ தண்ணி மூழ்கலைன்னு அழறே” என்பார். அவளும் சளைக்காமல், அங்கே மூழ்காவிட்டால் அண்ணாவின் பேரன் காலத்தில் சங்குமுகத்தைத் தேடவேண்டியிருக்கும் என்று திருப்பிக் கொடுப்பாள்.

எங்கள் வீட்டில் தேதிச் சண்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. என் முன்னோர் திருநெல்வேலிப் பக்கம். எனக்குத் தமிழ்ப் பஞ்சாங்கம். அவள் வலியசாலைக்காரி, அவள் வீட்டில் எல்லாம் மலையாளத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கு. சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து மாதப்பிறப்பை முடிவு செய்வதில் இரண்டுக்கும் விதி வேறு. சில மாதங்கள் ஒரே நாளில் பிறக்கும், சில மாதங்கள் ஒரு நாள் தள்ளிப்போகும். அடுக்களையில் இரண்டு நாட்காட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஆடி முதல் தேதியும் கர்க்கடகம் முதல் தேதியும் ஒத்துப்போகாத வருஷங்களில் நான் முணுமுணுப்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

இந்த வருஷமும் அப்படித்தான். எனக்குப் புத்தாண்டு ஒரு நாள், அவளுக்கு விஷு மறுநாள். புத்தாண்டன்று மத்தியானம், மாங்காய்ப் பச்சடியோடு சாப்பாடு முடிந்து, மறுநாள் விடியலில் முதலில் கண்விழிக்கும் விஷுக்கணிக்காக அவள் கொன்றைப்பூக் கொத்துகளைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் வருஷம் இரண்டு தடவை பிறக்கும் கூத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அப்படியே அந்த ரசீதையும் எடுத்துவந்து முன்னால் வைத்தேன்.

“ஏன்னா, தேதி கொஞ்சம் மாறினா உங்களுக்குச் சோறு எறங்காதா?” என்றாள். “மாடல்ல எல்லா மாசத்துக்கும் முப்பது நாள். வருஷத்துக்கு முந்நூத்தறுபது. நெறய பேர் அப்படித்தான் ஓட்டறா. ஆவரேஜ் எடுக்கச் சௌகரியம்.”

“ஜனவரி முப்பத்தொண்ணுல பொறந்தவா என்ன பண்ணுவா?”

“லாப்ரடார் கடல்ல யாரும் பொறக்கல. மதி, விடுங்கோ.” போதும் என்பது அவளுக்கு மலையாளத்தில்தான் வரும்.

நான் விடவில்லை. எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததாகச் சொல்லமாட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன். காற்றாவது ஒழுங்கான தேதியில் வீசுகிறதா, அல்லது அதுவும் பிப்ரவரி முப்பதாம் தேதிக் காற்றா என்றேன்.

அவள் பூவைக் கீழே வைத்தாள். காற்று நிஜக் காற்று, நிஜ வருஷத்துக்கானது, முந்நூற்றறுபத்தைந்து நாள் உள்ளது என்றாள். மாடல் படிப்பதற்கு முன்னால் அந்த வருஷத்தை முந்நூற்றறுபதுக்குள் அடக்கித் தர புரோகிராமில் ஒரு வரி எழுதியிருக்கிறது. “வாங்கோ, காமிக்கறேன். பார்த்தப்பறமாவது இந்த வருஷம் பூரா வாயை மூடிண்டிருப்பேளோ?”

மடிக்கணினியை அடுக்களை மேடையிலேயே திறந்தாள். வரி இருந்தது. வரிக்கு முன்னால் ஒரு சின்னக் குறியும் இருந்தது. அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். அது எனக்கு அப்போது தெரியாது. அவள் விரலைத் திரையில் அந்தக் குறிமேல் வைத்தாள்.

“இது ஏன் இங்கே இருக்கு?” என்றாள். என்னைக் கேட்கிறாள் என்று நினைத்து, எனக்கென்ன தெரியும் என்றேன். அவள் என்னைக் கேட்கவில்லை.

பிறகு அவள் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவு. மாடலின் வருஷம் முந்நூற்றறுபது நாளில் முடிந்துவிடுகிறது. காற்றுக் கோப்பில் அப்போது இன்னும் ஐந்து நாள் பாக்கி. அந்தப் பாக்கியோடுதான் அடுத்த வருஷம் தொடங்கும். வெயில் மட்டும் மாடலின் சொந்தத் தேதிப்படி அடிக்கும். ஆக, குளிர்காற்று வருஷத்துக்கு ஐந்து நாள் தாமதமாகிக்கொண்டே போய், கடைசி வருஷங்களில் ஜனவரிக் காற்று ஜூன் மாத வெயிலில் வீசியிருக்கிறது. கர்க்கடக மழை நகர்ந்து நகர்ந்து மார்கழியில் பெய்தமாதிரி. அந்த வெயிலில் எந்த நீர் கனத்து இறங்கும்?

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது பிழையின் அளவல்ல, அதன் நாசூக்கு. ஒரேயடியாகக் கெட்டிருந்தால் அன்றே பிடித்திருப்பார்கள். இது மெதுவாக, மரியாதையாக, பத்திரிகைகள் பயமுறுத்துகிற அதே திசையில் தேய்ந்துகொண்டு போயிற்று. எல்லோரும் எதிர்பார்த்த செய்தியையே சொன்னதால் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. குறியைப் போட்டது யார் என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கோப்பு பல கைகள் மாறி அவளிடம் வந்தது.

அன்று சாயங்காலமே தலைவருக்குப் போன் செய்தாள். அவர் பதறவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. திருத்தி ஓட்டினாலும் குறைவு கொஞ்சமாவது தெரியும், ஆகவே தேதி பற்றி ஓர் அடிக்குறிப்பு சேர்த்து இப்போதே அனுப்பிவிடலாம், இந்த இதழை விட்டால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்றாராம். அவள் மலையாளத்தில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன். “சார், தண்ணி நிஜமாவே நின்னிருக்கலாம். ஆனா அதைச் சொன்னது என் கடல் இல்லை. என் காலண்டர்.” கட்டுரை போகவில்லை.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

“எல்லாம் உங்களாலதான்” என்றாள். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு நாளைக்காகக் கத்திக் கத்தி, தேதின்னாலே நான் காதை மூடிக்கறமாதிரி பண்ணிட்டேள். கோப்புல நாள் சரியா வரலைன்னு போன வருஷமே கூட வேலை பார்க்கற ஒரு பொண்ணு சொன்னா. நம்மாத்துல இல்லாததா, அப்படி இப்படி இருக்கும்னு விட்டுட்டேன்.”

எங்கள் ஒரு நாள் வித்தியாசம் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ தானாகவே சரியாகிவிடும், அவளுடைய ஐந்து நாள் வருஷாவருஷம் சேர்ந்துகொண்டே போகும் என்று விளக்க வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். அநியாயமான குற்றச்சாட்டு என்று இப்போதும் நினைக்கிறேன். முழுக்க அநியாயம் என்று சொல்லவும் வரவில்லை. மறுநாள் கணி வைத்தோம். உருளியில் கொன்றைப்பூ கொஞ்சம் வாடியிருந்தது.

குறியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவது கேட்கச் சுலபம். நிலையத்தின் பெரிய கணினிக்கு வரிசை உண்டு. அவள் முறை வந்தபோது பராமரிப்பு என்று நிறுத்தினார்கள். பராமரிப்பு முடிந்ததும் ஏசி கெட்டது. கடலைக் குளிரவைக்கும் கணக்கைப் போடுகிற யந்திரத்தை இந்த ஊர் வெக்கையில் குளிரவைக்க ஆள் வரவில்லை. ஆள் வந்தபோது உதிரிப்பாகம் கொச்சியிலிருந்து வரவேண்டும் என்றார். இதற்கிடையில் வலியசாலை அண்ணா போன் செய்து, தண்ணி மூழ்கித்தா என்று தினமும் விசாரித்தார். அவள் பதில் சொல்லும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டாள்.

இதை எழுதுவது வைகாசியில். பக்கத்து நாட்காட்டியில் இடவம். ஓட்டம் இப்போது இருபதாம் வருஷத்தை எட்டியிருக்கிறது. முன்பு வலுவிழந்த நடு வருஷங்களில் இம்முறை நீர் அடிவரை இறங்குகிறது. நேற்று அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் சண்டை வரும். ரசீதை ஓர் உறையில் போட்டு, மேலே தேதிக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நின்றுபோன அவளுடைய கட்டுரை இனி எழுவது கடைசிப் பத்தாண்டைப் பொறுத்தது. அந்தப் பத்தாண்டில் லாப்ரடாரின் நீர் இறங்குகிறதா, நின்றுவிடுகிறதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.