யார் கையிலும் வாங்காத நாய்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மே மாதக் காலையில் நடந்தது இது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அன்று மதிய ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், நேரில் முசியே என்று கூப்பிடுவோம். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் பிரான்சில். அதற்கு இரண்டு வருடம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்ததும், மனுஷர் போய் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியை வாங்கி வந்துவிட்டார்.

"இந்த வயசுல எதுக்கு முசியே இந்தத் தொல்லை?" என்று கேட்டேன்.

"பசங்க போன்ல இருக்காங்கம்மா. இது வீட்ல இருக்கும்" என்றார்.

நாய்க்கும் பட்டாளத்துப் பயிற்சிதான். நாம் "படு" என்று கத்தினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அவர் மெதுவாகப் பிரெஞ்சில் "கூஷே" என்றால் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஒருநாள் கேட் வழியாக நான் ஒரு பிஸ்கட் போட்டதற்கு அவர் என்னைக் கடிந்துகொண்டார்.

"யார் கையிலயும் வாங்கக் கூடாதுன்னு பழக்கி வச்சிருக்கேன். நீ கெடுத்துடாதம்மா."

வேலைக்காரம்மாவைக்கூட அது உள்ளே விடவில்லை. அந்த அம்மா வேலையை விட்டே நின்றுவிட்டார். அதையும் அவர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை நாய் விடாமல் குரைத்தது. வழக்கமான குரைப்பு இல்லை, அழுகை மாதிரி இருந்தது. பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டில் தொங்கிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. வராந்தாவில் முசியே மல்லாந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒரு கை மட்டும் மெல்ல மேலே எழும்பி விழுந்தது.

கத்திக்கொண்டே கீழே ஓடினேன். தெருவே கூடிவிட்டது. கேட்டில் கை வைத்ததும் நாய் பாய்ந்து வந்தது. கீழ்வீட்டுக்காரர் மதில் ஏறிக் குதித்தார், கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ரத்தம் ஒழுக அவரை வெளியே இழுத்தோம். ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. "மொதல்ல நாயைக் கட்டுங்க, நாங்க எப்படி உள்ள போறது?" என்றார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு "கூஷே, கூஷே" என்று கத்தினேன். நாய் சட்டென்று காதை விடைத்தது. என்னைப் பார்க்கவில்லை, திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய் அவர் முகத்தை நக்கியது. பிறகு மறுபடியும் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

நாய் பிடிக்கிறவர்கள் வலையோடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் முசியே எங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பத்தடி தூரம்தான். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. என் ஆயுசுக்கும் அந்தப் பார்வை போதும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அழுதேன்.

மூத்த மகன் வந்து அடக்கம் செய்தார். நாயை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டார். கடித்த நாயை யார் எடுப்பார்கள்? கடைசியில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு பிளேன் ஏறினார். நான் ஒருமுறை ஆட்டுக்கறி வேகவைத்து எடுத்துப் போனேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுத்ததை அது கடைசி வரை மறக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அதுவும் செத்துப்போனது என்றார்கள்.

போன வருடம் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு தெருநாய்க் குட்டியை எடுத்தோம். முதல் வேலையாக அதைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், அவர்கள் கையாலேயே சோறு வைக்கச் சொன்னேன். "திருடன் வந்தாலும் வாலாட்டப் போகுது பாரு" என்று கணவர் கிண்டல் செய்கிறார். ஆட்டிவிட்டுப் போகட்டும். நான் விழுந்து கிடக்கிற அன்றைக்கு, என்னைத் தூக்க வருகிறவரைப் பார்த்தும் அது வாலாட்ட வேண்டும்.