கிராம் சாரின் புள்ளி எட்டு

என் அக்காவின் கணவருக்குச் சந்தைக்காரர்கள் வைத்த பெயர் கிராம் சார். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர். பத்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார். மகள் பிறந்த அன்று, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதை எடை போட்ட தராசைத் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று பார்த்தவர். அக்கா இதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நானாக இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு ஊதாரித்தனம் உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. வீட்டில் இடமில்லை என்று என் வாடகை நாற்காலிக் கடையின் ஷெட்டில் நிறுத்தியிருந்தார். இருநூறு நாற்காலி அடுக்கவேண்டிய இடம் அது. ஞாயிறு தவறாமல் வருவார், துடைப்பார், தனியாக ஒரு சுற்றுப் போய்வருவார். பக்கத்து சீட்டில் டூல்ஸ் பெட்டி சொகுசாக உட்கார்ந்து போகும்.

ஓய்வு பெற்றபின் முட்டிவலி வந்தது. காரை விற்றுவிடுகிறேன் என்றார். ஒரு பல் டாக்டர் வாங்கத் தயார். நானும் நாற்காலிகளோடு தயார். அந்த நேரம் பார்த்துக் காரின் இழுவை குறைந்துவிட்டது. டர்போவில் கோளாறாம். இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் சின்ன விசிறி அது. காற்றழுத்தம் புள்ளி எட்டு வரவேண்டும் என்று கம்பெனிப் புத்தகம் சொல்கிறது.

"குறையுள்ள பொருளை நான் விக்க மாட்டேன். சரி பண்ணித்தான் தருவேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

காரில் அழுத்தம் காட்டும் மீட்டர் கிடையாது. தன் பழைய ஆபீசில் கொடுத்துச் சோதித்த ஒரு மீட்டரை வாங்கிவந்து, இன்ஜினிலிருந்து மெல்லிய டியூப் ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து அதில் மாட்டினார். முழு வேகத்தில் போகும்போதுதான் அளக்க முடியும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கவேண்டும், மீட்டரை யாராவது பிடித்துப் படிக்கவேண்டும். அக்கா கணக்கு டீச்சராக இருந்தவள். டூல்ஸ் பெட்டி இறங்கியது, அக்கா ஏறினாள். முதல் நாள் அவள் படித்தது புள்ளி ஐந்து.

மூன்றாவது வாரம் அத்தான் காற்றுக் குழாயின் வாயை அடைத்து, பம்ப் வைத்துக் காற்றடித்து, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஒரு ரப்பர் ஹோஸின் அடியில் குமிழி கிளம்பியது. புதுசு மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் ஆவலாகக் கேட்டேன்.

"புள்ளி அஞ்சுதான்டா" என்றாள் அக்கா.

அப்புறம் கிளாம்ப் எல்லாம் மாறின. அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு மாறியது. எட்டு மாதம் ஓடியது. புள்ளி ஐந்து மட்டும் மாறவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், கார் இப்ப குண்டு மாதிரி பாயுது. முதுகு சீட்டோட ஒட்டுறது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது. என் முதுகுக்கு யாருப்பா முத்திரை குத்தினது?"

ஒரு ஞாயிறு அக்காவுக்குக் காய்ச்சல். மீட்டரை என் மடியில் போட்டார். நேர்ரோட்டில் மிதித்ததும் முள் துள்ளி நின்றது.

"எவ்வளவு?"

"புள்ளி எட்டு!"

இன்னொரு தடவை ஓட்டினார். புள்ளி எட்டு. என்னை ரோட்டோரம் இறக்கிவிட்டு, மீட்டரை ஸ்டியரிங் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்த ஹோஸ்தான் கோளாறு. குமிழி வந்தது அது ஒண்ணுலதான். மூணாவது வாரமே சரியாயிருக்கு" என்றார். மீட்டரைச் சோதித்தவர், படிக்கிறவளைச் சோதிக்க மறந்திருந்தார். ஷெட் வரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போய்க் குதித்தேன்.

"எட்டு மாசமா ஏன்க்கா பொய் சொன்னே?"

போர்வைக்குள்ளிருந்து அக்கா நிதானமாகச் சொன்னாள். "இத்தனை வருஷத்துல அந்த சீட்டுல என்னை ஒரு தடவை உக்கார வெச்சதில்லடா. இப்ப வாராவாரம் பக்கத்துல வெச்சுக் கூட்டிட்டுப் போறார். போற வழியில பேசறார். சரியாயிடுச்சுன்னு சொன்னா வித்துடுவார். எப்படிடா சொல்லுவேன்?" போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "போகட்டும். தெரிஞ்சுபோச்சு இல்ல, விக்கட்டும்" என்றாள்.

ஆனால் அதற்குள் நான் முந்திரிக்கொட்டை வேலை பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச்சொல்லி டாக்டருக்குப் போன் போட்டாகிவிட்டது.

டாக்டர் ஒன்பதே முக்காலுக்கே வந்து, என் நாற்காலியிலேயே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சோதனை ஓட்டம் முடித்து இருவரும் வந்து இறங்கினார்கள். அக்கா மீட்டரை நாற்காலி ஒன்றின்மேல் வைத்தாள்.

"மேடம், எவ்வளவு வந்துச்சு?" என்றார் டாக்டர்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளி எட்டு."

"இல்ல" என்றார் அத்தான். "அவ கண்ணாடி மாத்தணும். நான் பார்த்தேன், புள்ளி அஞ்சு."

அக்கா நிமிர்ந்து அவரையே பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் கோபம்.

"பரவாயில்ல சார், இருக்கிறபடியே எடுத்துக்கிறேன். பேசின விலையே தர்றேன்" என்றார் டாக்டர்.

"குறையுள்ள பொருளை விக்கிற பழக்கம் எனக்குக் கிடையாதுங்க."

டாக்டர் என்னை முறைத்துவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அத்தான் அக்காவுக்காகக் கார் கதவைத் திறந்து பிடித்தார். நான் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏறு. இன்னொரு தடவை பார்த்துடலாம்."

மீட்டர் நாற்காலிமேலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.