மேட்டில் உட்கார்ந்த மஸ்டாங்

பிரிக்பீல்ட்ஸ் பிரகலாதனுக்கு வயது முப்பத்தாறு. வங்கியில் நல்ல வேலை, சிகரெட்டுகூடத் தொடமாட்டான். இருக்கிற ஒரே கிறுக்கு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்தக் கறுப்பு மஸ்டாங் கார். டயருக்கு மேலே கை நுழைகிற இடைவெளியைப் பார்த்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. "லோரி மாதிரி நிக்குதுலா" என்று புலம்புவான். அது யார் கண்ணுக்கு லோரி மாதிரி தெரிந்ததோ, என்னைக் கேட்காதீர்கள்.

கிள்ளானில் ராஜினி வீட்டுக்குப் பெண் கேட்கப் போவது என்று முடிவானதும், காரை ஷா ஆலமில் ஹாசிமின் வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனான். ஹாசிம் காரைத் தாழ்த்துகிற, கொஞ்சம் குட்டையான ஸ்பிரிங் செட்டைக் காட்டினான்.

"இது போதும் பாஸ். குடும்பத்தோட போகலாம்."

"இன்னும் குட்டை இல்லையா?"

"இருக்கு. ஆனா ஆள் ஏறினா இன்னும் உட்காரும். பின்னாடி என்னைத் திட்டக்கூடாது."

இன்னும் குட்டையானதையே போடச் சொன்னான் நம் ஆள். தனியாக ஒரு சுற்று ஓட்டினான், எங்கும் இடிக்கவில்லை. ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அந்த மூளைக்குத் தோன்றவே இல்லை.

ராஜினிக்கும் அவனுக்கும் இரண்டு வருடப் பழக்கம். சிக்கல் அவள் அப்பா முத்துக்குமாருதான். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். "வந்து பேசட்டும், பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை விடவில்லை. அவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று பிரகலாதனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு ராஜினிதான் வேண்டும்.

ஞாயிறு காலை அம்மா பூரணம் தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்சீட்டில் மாமாவும் அத்தையும் நசுங்கினார்கள். பெண்ணின் தகப்பன் தட்டைக் கையில் வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"இது என் கையிலேர்ந்து அவர் கைக்குத்தான் போகணும். நடுவுல யாரும் தொடக்கூடாது. கிளம்பினப்புறம் பின்னாடி போறதும் கூடாது" என்றாள் பூரணம்.

ராஜினி வீட்டுக்குச் சற்று முன்னால் ரோட்டில் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் தாண்டியது. அடுத்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். மஸ்டாங் வயிற்றை மேட்டில் வைத்து உட்கார்ந்துவிட்டது. பிரகலாதன் இறங்கித் தன் சீட்டை மடக்கிவிட, மாமாவும் அத்தையும் அந்தப் பக்கமாக இறங்கினார்கள். கார் அசையவில்லை.

"அம்மா, நீயும் இறங்கினாத்தான் தாண்டும்."

"ரெண்டு கையிலயும் தட்டு. இந்தப் பள்ளமான சீட்லேர்ந்து எப்படிடா எழுந்திரிக்கிறது?"

"அத்தைகிட்ட குடும்மா."

"மாட்டேன்."

தெருவே வேடிக்கை பார்த்தது. முத்துக்குமாரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

"ஏன் தம்பி இவ்வளவு தாழ்வு?"

"நான்தான் அங்கிள் இறக்கினேன். அழகா இருக்கும்னு." சொல்லும்போதே பிரகலாதனுக்குத் தெரிந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

அவர் பூரணத்திடம் திரும்பினார். "யார்கிட்டயாவது குடுத்துட்டு இறங்குங்கம்மா."

"உங்க கையிலதான் குடுப்பேன் ஐயா."

நீட்டப்போன கையை அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். அதற்குள் ராஜினி செருப்புகூட இல்லாமல் ஓடிவந்துவிட்டாள்.

"வாங்குங்கப்பா. ஆன்டி வெயில்ல வேகுறாங்க."

"வாங்கினா என்ன அர்த்தம்னு தெரியுமாம்மா?"

"தெரியும்பா. அதனாலதான் சொல்றேன்."

முத்துக்குமாரு மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இடுப்பு வலிக்கக் குனிந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பூரணம் கதவைப் பிடித்து எழுந்து வெளியே வந்தாள். கார் லேசாக மேலே எழும்பியது.

"டேய், இப்ப எடுடா, தாண்டிடும்" என்று மாமா கத்தினார்.

பிரகலாதன் சாவியை மாமா கையில் திணித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜினியோடு சேர்ந்து தட்டுக்குப் பின்னால் நடந்து போனான்.