பானெட்டில் மூன்று பட்டை

காரைக் கழுவ யாருக்கு வேண்டுமானாலும் வரும். ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் இருந்தால் போதும். ஈரத்தைத் துடைக்கும்போதுதான் மனுஷனின் லட்சணம் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்தவர், நல்லவர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்க மாட்டார். ஆனால் தினமும் காலையில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்காமல், வறட்டு வறட்டென்று தன் காரை வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். சிங்காநல்லூரில் பறக்கிற மண்ணெல்லாம் அந்தத் துண்டில்தான் குடியிருக்கும். பார்க்கிற எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மதில் ஓரம் போய், "ஏனுங்க, அது காருங்க, ஆட்டுக்கல்லு இல்லீங்க. வெயில்ல நிறுத்திப் பாருங்க, மேலெல்லாம் கோடு கோடா உழுந்து கெடக்குது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வண்டி ஓடுனாப் பத்தாதுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் காபி இறங்கவில்லை.

என் முறை வேறு. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. காரின் மேல் அப்படியே காய விட்டால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும்; பிறகு எந்தச் சாமி வந்தாலும் அது போகாது. அதனால் ஞாயிறுதோறும் போர்டிகோவில் வெயில் ஏறுவதற்கு முன்பே கழுவி முடித்து, கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரைக் காரின் கூரை மேலிருந்து மெல்ல வழிய விடுவேன். பாதி ஈரம் அந்தத் தண்ணீரோடு தானாகவே இறங்கிவிடும். அப்புறம் பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் பானெட்டின் மேல் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து, அழுத்தாமல் என் பக்கமாக இழுப்பேன். அவ்வளவுதான். துணியே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, வட்டம் போடவே கூடாது. கை தவறித் துணி தரையில் விழுந்தால் அதோடு சரி, இனி அந்தத் துணிக்கு டயர் மட்டும்தான்.

இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என் மனைவி. "எனக்குக் காச்சல் வந்தப்பக்கூட இப்படி ஒத்தி எடுக்கலீங்களே" என்பாள்.

கார் அவளுடையது. கருநீலம். ஷோரூமில் விற்பவர், "டார்க் கலருங்க, சின்னக் கீறல் உழுந்தாக்கூட எடுத்துக் காட்டுமுங்க" என்று எச்சரித்தபோது, "அதைப் பாத்துக்க எங்கூட்ல ஆளு இருக்குதுங்க" என்று என்னைக் கை காட்டினாள். எனக்கு அப்போது அவ்வளவு பெருமை. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் என் கையிலிருந்து ஸ்டியரிங் போயிருந்தது. முப்பது வருடம் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். வார்ப்படத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தால்கூட எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். என் கண்ணுக்குக் கம்பெனியே பயப்படும். அந்தக் கண்ணில்தான் பிரஷர் வந்தது. நேராகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும், ஓரப் பார்வை மட்டும் சன்னல் கதவைச் சாத்துகிற மாதிரி இரண்டு பக்கமும் சாத்திக்கொண்டே வந்தது. இனி வண்டி ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு தடவை கிணத்துக்கடவில் என் மனைவியின் தென்னந்தோப்புக்கு அவளைக் கூட்டிப்போவது நான்தான். இனி யார் கூட்டிப்போவது? ஐம்பத்து நாலு வயதில் அவள், "நானே பழகிக்கறனுங்க" என்றாள். எங்கள் பழைய காரிலேயே பழகி, லைசென்ஸ் வாங்கி, அதை விற்றுவிட்டு இந்தப் புதுக் காரை எடுத்தாள்.

அவள் ஓட்டுகிறாள், நான் துடைக்கிறேன். காரில் எனக்கென்று மிஞ்சியது இந்தத் துணி ஒன்றுதான். தெருக்கோடியில் புதிதாக ஒரு வாட்டர் வாஷ் திறந்திருக்கிறார்கள், அரை மணியில் கழுவித் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே அவள் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் எனக்கு அந்தக் காரில் என்ன வேலை? பக்கத்து சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருகிற வேலைதான். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. வெளியே சொன்னதில்லை.

போன ஆயுத பூஜைக்கு விடியலிலேயே காரைக் கழுவித் துடைத்து, கண்ணாடி மாதிரி நிறுத்தினேன். முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பட்டை போடுவது என் முறை. கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் அத்தனை லேத் மெஷினுக்கும் பட்டை போடுவது என் கைதான். விபூதியையும் சந்தனத்தையும் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் ஒரே இழுப்பு. கோடு ஆடாது. அதே கெட்டியில், அதே கையால், கருநீலப் பானெட்டின் நட்டநடுவில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மனைவி கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி நசுக்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அன்று பூராவும் எனக்கு மனம் நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை அவள் தோப்புக்குக் கிளம்ப வேண்டும். தேங்காய் வெட்ட ஆள் வரச் சொல்லியிருந்தாள். பட்டை நன்றாகக் காய்ந்து, ஓரம் உதிர்ந்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. "இருக்கட்டும் உடுங்க, சாமி பட்டைதானுங்க, தானா போயிரும்" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போனாள். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. லேத்தில் போட்ட பட்டையை மறுநாள் வேலைக்கு வந்ததும் காட்டன் வேஸ்ட் என்கிற கழிவு நூலை ஒரு கை அள்ளி வறட்டென்று நாலு இழுப்பு இழுத்துத் துடைத்துவிடுவோம். முப்பது வருடப் பழக்கம். கையில் துணி இருந்தது. தண்ணீர் ஊற்றவில்லை, ஊற வைக்கவில்லை, ஒன்றும் யோசிக்கவில்லை. விபூதியும் காய்ந்த சந்தனமும் நறநறவென்று துணிக்கடியில் அரைபட்டதைக் காதால் கேட்டேன். கேட்டும் இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பட்டை போயிருந்தது. அது இருந்த இடத்தில் மூன்று பட்டையாகக் கீறல். அடப் பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் துண்டுகூட இப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை.

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சமையலறைக்குள் ஓடி, தேங்காய் எண்ணெயை இரண்டு விரலில் தொட்டு வந்து தடவினேன். கீறல் மறைந்தது. பானெட் பளபளவென்று மின்னியது. அவள் வந்தாள், ஏறினாள், போனாள். நான் தப்பித்தேன் என்றிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது, பொள்ளாச்சி ரோட்டுத் தூசியும் தோப்பு மண்ணும் எண்ணெயில் வந்து அப்பியிருந்தன. கார் தானாகவே பட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது. அவள் இறங்கினாள், பானெட்டை ஒரு தரம் பார்த்தாள், "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் குழாயைத் திறந்து அவசர அவசரமாகக் கழுவினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காரைத் தொடவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் முழங்கால் வலித்தது. காலையில் கண் விழித்ததும் துணி ஞாபகம் வரும், உடனே அந்த நறநற சத்தமும் வரும். போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். காரின் மேல் தூசி ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரர்கூட மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் சுகமில்லீங்களா?" என்று விசாரித்துவிட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் தோப்பிலிருந்து வந்து காரை நிறுத்தினாள். நான் போர்டிகோவில் நின்றிருந்தேன். இதற்கு மேல் தாங்காது என்று, அவள் கதவைச் சாத்துவதற்குள் சொல்லிவிட்டேன்.

"இந்தா அம்மணி, இனிமேல் வண்டிய வாட்டர் வாஷ்லயே குடுத்துப்போடு. எனக்குக் கண்ணும் பத்தல, கையும் சொன்ன பேச்சுக் கேக்கல. பானெட்டக் கீறிப்போட்டேன்."

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியுமுங்க. ஒத்தக்கால்மண்டபம் தாண்டறப்ப வெயிலு சரியா பானெட்டு மேல உழுந்துச்சு. எண்ணெ தடவுனா எனக்குத் தெரியாதுங்களா? ஒரே தேங்காண்ணெ வாசம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அவள் பையைக் காரின் மேல் வைத்தாள். சாதாரண நாளாயிருந்தால் அதற்கே நான் கத்தியிருப்பேன். "கேட்டா நீங்க துணியக் கீழ வெச்சுருவீங்க. அதான் கேக்கலீங்க" என்றாள். கொஞ்சம் நின்று, "நான் பழகறப்ப பழைய வண்டிய வாசல் கேட்டுத் தூண்ல இடிச்சேனுங்களே, நாவகம் இருக்குதுங்களா? அன்னிக்கு நீங்க தெருவுக்கே கேக்கற மாதிரி ஒரு கத்துக் கத்துனீங்க. அதுக்கப்பறம் பத்து நாள் நான் சாவியவே தொடலீங்க" என்றாள்.

"அப்ப உனக்கு இடுப்பு வலின்னு சொன்னியே?"

"உங்களுக்கு இப்ப மொழங்கால் வலிங்கறீங்களே, அந்த மாதிரித்தானுங்க."

அந்தப் பத்து நாளும் நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். மருந்துக்கடையில் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். தூணில் உரிந்த சிமெண்டைப் பூசச் சொல்லி ஆள் பிடித்தேன். வண்டியின் பம்பரைத் தினமும் போய்ப் போய்ப் பார்த்தேன். அவள் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அப்போதும் என் கண் நேராகப் பார்ப்பதை எல்லாம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாது" என்றேன்.

"கூடாதுதானுங்க" என்றாள். சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஞாயிறு. அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். இரண்டு வாரத் தூசியைத் தண்ணீர் பீய்ச்சியே இறக்கி, நுரை போட்டு, அலசி, துணியை விரித்தேன். துணி நேராகத்தான் வந்தது. மூன்று பட்டையும் அங்கேயே இருந்தன. பாலிஷ் போட ஆளைக் கூப்பிடலாமா என்று வாசற்படியில் நின்றிருந்தவளைக் கேட்டேன். "எதுக்குங்க, இருந்துட்டுப் போகுது" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, துணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இழுக்கத் தெரியவில்லை, அழுத்தினாள். நான் கத்தவில்லை.