வில்கமுவ லைன்

விஜேந்திரன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்க்கிறார். மாத்தளை பஸ் நிலையத்தில், நாவுல பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே, கடித்த, மீன் அடைத்த மாலு பணிஸ் ஒரு கையில். எதிரே நிற்கும் பெண், தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று எண்ணி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. மலைமுகட்டில் யாரோ புதிதாக நட்டிருக்கும் இரும்புக் கம்பம் ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

“கம்பத்தக் கட்டையா நட்டிருக்கானுங்க சார். நாளைக்கு முன்னுக்கு இருக்கிற சவுக்கு வளந்துச்சுன்னா குந்திக்கிட்டு அழப்போறானுங்க,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மிச்சப் பணிஸை வாயில் போட்டுக்கொள்கிறார்.

கேபிள் போகாத ஊர்களுக்கு இன்டர்நெட்டைக் காற்றிலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். மலையில் ஒரு டிஷ், பல மைல் தள்ளி ஒரு கம்பத்தில் இன்னொரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். டிஷ்ஷைப் பொருத்துவது பெரிய காரியமில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு ஏன் திடீரென்று திக்கித் திணறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. மாத்தளையில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்காக அந்தப் பாட்டை அவர் படுகிறார். திருகோணமலை வீதியில் என் போட்டோகொப்பிக் கடைக்கு இணைப்புத் தந்தவரும் அவரே. அப்படி வந்த பழக்கம். வயது ஐம்பதைத் தொடுகிறது. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, டிவி அன்டனா கட்டித் தொழிலைத் தொடங்கி, இன்றுவரை கூரையை விட்டு இறங்காதவர்.

மாரியம்மன் கோவிலைக் கடக்கும்போது எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இவரும் பார்ப்பார். உயரத்தை மனதுக்குள் அளப்பார், அங்கே ஒரு டிஷ் வைத்தால் எதுவரை எட்டும் என்று யோசிப்பார், அதற்குப் பிறகுதான் அம்மன் நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவர் மனைவி கலாராணிக்கு இதில் தீராத குறை. “என் சித்தப்பா மக கல்யாணத்துக்குப் போனோம். பொண்ணு என்ன கலரு சாரின்னு கேளுங்க, முழிப்பாரு. மண்டபத்துக் கூரைல எந்த அன்டனா கோணலா இருந்துச்சுன்னு கேளுங்க, டக்குன்னு சொல்லுவாரு,” என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

பிழை சொல்லி வரும் போன் அழைப்புகளை அவர் சிரிக்காமல் கேட்பார். “மயில் வந்து குந்துனா சிக்னல் போகுது” என்பார் ஒருவர். அது பொய்யில்லை. மயிலின் கனத்தில் டிஷ் ஒரு நூல் சாய்ந்தால் போதும், அத்தனை மைலுக்கு அப்பால் அது மலையையே தவறவிட்டுவிடும். இன்னோர் இடத்தில் யானை வந்து கம்பத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிருந்தது. நாலந்தாவில் ஒரு வீட்டில், வெயில் ஏறினால் இணைப்பு வருகிறது, பனி விழுந்தால் போகிறது. வீட்டுக்காரர் ஏதோ காத்துக் கருப்பு என்று பயந்து டிஷ்ஷில் தேசிக்காய் என்கிற எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கேபிள் மூட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். விஜேந்திரன் மூட்டைப் பிரித்துத் துடைத்து டேப் சுற்றினார், தேசிக்காயை மட்டும் அவிழ்க்கவில்லை. “நம்ம டேப்பும் இருக்கட்டும் சார், அவங்க தேசிக்காயும் இருக்கட்டும். எதுக்கு வம்பு?” என்றார்.

திசை பிடிக்க அவர் நம்புவது ஒரு சவரக் கண்ணாடியை. மலையில் நிஸ்தார் நானா நிற்பார். உக்குவளைக்காரர், கம்பெனியில் மறுமுனை அவர் பொறுப்பு. வெயில் பட்டதும் அவர் கண்ணாடியை ஆட்டுவார். இந்த முனையில் கம்பத்தின் உச்சியில் தொற்றிக்கொண்டு விஜேந்திரன் அந்த மினுக்கத்தைத் தேடுவார். கண்டுவிட்டால் பக்கத்து ஊருக்குக் கேட்கும்படி போனில் கத்துவார். “நானா, கண்டுட்டேன்! இப்ப ஒரு நூல் வலப்பக்கம்… இன்னும் கொஞ்சம்… சரி, நிப்பாட்டுங்க!” அளந்து சொல்லும் கருவி இடுப்பில் தொங்கத்தான் செய்கிறது. ஆனாலும் தன் கண்ணால் கண்டால்தான் அவருக்கு நிம்மதி. “கண்ணுக்குப் பாத இருந்தா சிக்னலுக்கும் பாத இருக்கு சார்” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. அதை நம்பித்தான் மனுஷன் வில்கமுவையில் இடறி விழுந்தார். அதை நினைக்கும்போது எனக்கே மனது கஷ்டமாக இருக்கிறது.

வில்கமுவைப் பக்கம் நேசம்மா என்றொரு பெண் ரோட்டோரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். மகாவலித் திட்டத்தில் வயல்களுக்குத் தண்ணீர் வந்த காலத்தில் தோட்டத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ரஜிதா, ஜோர்தானில் உடுப்புத் தைக்கும் பெக்டரியில் வேலை. கடைக்கு முன்னால் ஓங்கி வளர்ந்த புளியமரம் ஒன்று நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல் களஞ்சியம், அதைத் தாண்டிக் கண்ணுக்கெட்டும் தூரம் வயல். கடைக்குப் பின்னால் கம்பமும் டிஷ்ஷும். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி கடைக்குள்ளே பிஸ்கட் டின்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மொபைல் சிக்னல் பேருக்குத்தான். பள்ளிக்கூடம், விவசாயச் சங்கம், நேசம்மாவின் போன் எல்லாம் அந்த ஒரு டிஷ்ஷை நம்பித்தான் இருக்கின்றன. டிராக்டர்காரர்கள் புளியமர நிழலுக்காக நிறுத்துவார்கள், நிறுத்திய மரியாதைக்கு ஒரு பிளேன்டீ குடிப்பார்கள். உண்மையில் அந்த நிழல்தான் கடையை நடத்தியது.

பெரும்போக மழை தொடங்கினால் இணைப்பு விக்க ஆரம்பிக்கும். ரஜிதாவின் முகம் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி உறைந்துவிடும். விஜேந்திரன் போனார், கம்பத்தில் ஏறினார், ஒற்றைக் கண்ணை மூடினார். மலைக்குப் போகும் பாதையை ஒட்டினாற்போல் புளியமரத்தின் உச்சி ஆடிக்கொண்டிருந்தது. மழைக்கு இலை தழைக்கிறது, தழைத்து மறைக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“அக்கா, மரந்தான் தடுக்குது.”

நேசம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தாராம். “கொப்ப மட்டும் வெட்டினா பத்தாதா தம்பி?”

“மறுபடி தழைச்சிருமேக்கா.”

பிள்ளையின் முகத்தை உடையாமல் பார்க்க வேண்டும் என்ற ஆசை. சம்மதித்துவிட்டார். அறுப்புக் காலத்தில் மரம் சாய்ந்தது. சொல்லிவைத்தாற்போல இணைப்பும் சீரானது. ஊரே விஜேந்திரனைக் கொண்டாடியது. மரத்தின் கடைசிப் புளியை நேசம்மா ஒரு பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார். அதில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. நாங்கள் நன்றாக ரசம் வைத்துச் சாப்பிட்டோம்.

அடுத்த போகத்துக்கு வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். இந்த முறை இணைப்பு விக்கவில்லை, ஒரேயடியாகப் படுத்துவிட்டது. விஜேந்திரன் விடியற்காலையில் போய்க் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். மலை பளிச்சென்று தெரிந்தது, நடுவில் ஓர் இலைகூட இல்லை. குழம்பிப்போய் அங்கேயே தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். வெயில் ஏறியது. வயலில் தேங்கி நின்ற தண்ணீர் அவர் முகத்தில் பளீரென்று அடித்தது. நிஸ்தார் நானாவின் கண்ணாடி மினுக்கம் மாதிரியே, ஆனால் வயல் முழுக்க.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. மலையிலிருந்து வரும் சிக்னல் நேராக ஒரு தரமும், வயல் தண்ணீரில் பட்டுத் தெறித்து இன்னொரு தரமும் டிஷ்ஷுக்கு வருகிறது. இரண்டும் மோதி ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. வயல் காய்ந்திருந்தால் இந்தத் தெறிப்பு இல்லை. மரத்தை வெட்டியதும் இணைப்பு சரியானது, அறுப்புக்காக வயலை வடித்திருந்ததால்தான். அதுகூடப் போகட்டும். கீழிருந்து தெறித்து வந்ததில் பெரும்பகுதியை அத்தனை நாளும் டிஷ்ஷை அண்டவிடாமல் மறித்துக்கொண்டு நின்றதே அந்தப் புளியமரம்தான்.

“அதான் சார், முந்தி விக்குச்சு, இப்ப செத்துருச்சு. காவலுக்கு நின்னத நானே வெட்டிப் போட்டுட்டேன்,” என்றார் என் கடையில் வந்து உட்கார்ந்து. கம்பெனியில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிழையைக் கண்டுபிடித்ததற்கு மெச்சக்கூடச் செய்தார்கள். வீட்டில் மிச்சமிருந்த புளியைக் கலாராணி குழம்புக்கு எடுத்தபோது மட்டும் எரிந்து விழுந்தாராம். புளியில் என்ன கோபம் என்று கலாராணிக்கு இன்னும் தெரியாது.

ஆரம்பத்தில் நான் சொன்ன நாவுல பஸ், பிழையைத் திருத்தப் போன அந்தப் பயணத்துக்குத்தான். “சும்மா வாங்க சார், ஊரப் பாத்துட்டு வரலாம்” என்று என்னையும் இழுத்துக்கொண்டார். ஊரைப் பார்க்க அல்ல, துணைக்கு என்பது பஸ் புறப்பட்டதுமே புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, “அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது…” என்று முணுமுணுப்பார். சரிப்படாது. “அக்கா, மரத்தப் பத்தித்தான்…” என்று மறுபடி தொடங்குவார். நாவுலையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோதும் அந்த ஒத்திகை ஓயவில்லை.

டிஷ்ஷை இடம் மாற்றினால் இணைப்பு சரியாகிவிடும், பிறகு ஏன் போய்ச் சொல்லி அந்தப் பெண்ணின் மனதை நோகடிப்பது என்று கேட்டேன். நான் கடைக்காரன்; விற்காத சரக்கைப் பின்னால் தள்ளிவைத்தே பழகியவன்.

“ஒவ்வொரு தரமும் அந்த அக்கா என்னா சொல்லும் தெரியுமா சார்? ‘மரம் போனாப் போகுது தம்பி, ஒங்களாலதான் புள்ள மொகத்தப் பாக்குறேன்’னு சொல்லும். அதக் கேட்டுக்கிட்டு எப்பிடி சார் அது குடுக்கிற டீய குடிக்கிறது?” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கடையின் முன்பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். அதன் நிழலில் ஒரு நாற்காலி போடலாம், அவ்வளவுதான். டிராக்டர்கள் நிற்காமல் தாண்டிப்போய்க் களஞ்சியத்துக்கு அப்பால் வேறெங்கோ நின்றன. விஜேந்திரன் நேரே போய்க் கம்பத்தில் ஏறினார். டிஷ்ஷைக் கழற்றிக் கீழே இறக்கி, எதிரே உள்ள களஞ்சியத்தின் கூரை வயலை மறைக்கும்படியும், கூரைக்கு மேலே மலை தெரியும்படியும் வைத்து இறுக்கினார். மலையில் நின்ற நிஸ்தார் நானாவோடு வழக்கமான சத்தம். கொஞ்ச நேரத்தில் இணைப்பு வந்தது, விக்காமல் நிலைத்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

நேசம்மா பிளேன்டீயை நீட்டினார். விஜேந்திரன் கையை நீட்டவில்லை.

“அக்கா, மரத்துல பிழ இல்லக்கா. வயத் தண்ணியாலதான் லைன் போயிருக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். மரம் இருந்திருந்தா லைனுக்கு நல்லது.” வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் அதில் இல்லை.

நேசம்மா டீயைப் பலகையில் வைத்தார். “அப்ப சும்மாவா வெட்டினோம்?”

விஜேந்திரன் தலையை மட்டும் ஆட்டினார். நேசம்மா ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வெட்டவெளியாய்க் கிடந்த வாசலையே பார்த்தார்.

“புள்ளைக்கு இன்னும் தெரியாது தம்பி,” என்றார் பிறகு. “அதோட அப்பா வச்ச மரம். வெட்டினத நான் சொல்லல. மரத்தக் காட்டச் சொல்லிக் கேக்குறப்பல்லாம், லைன் நல்லா இருந்த நாள்ல இருட்டிப்போச்சுன்னேன், அப்புறம் லைன் சரியில்லன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்.”

அன்று வெள்ளிக்கிழமை, ஜோர்தானில் லீவு. அவர் பேசி முடிக்கவும் போன் அடித்தது. ரஜிதா. அப்படியொரு தெளிவான படத்தை நான் அந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. அவள் பின்னால் கொடியில் காய்ந்த துவாயும், காதிலிருந்த சின்னத் தோடும் துல்லியமாகத் தெரிந்தன.

“அம்மா! ஒங்க மூக்குத்திகூடத் தெரியுதும்மா! என்னா கிளியரு!”

நேசம்மா சிரித்துவிட்டார். விஜேந்திரனும் பழக்க தோஷத்தில் எட்டிப் பார்த்தார். படம் உடையவில்லை, நிற்கவில்லை. ஒரு கணம் அவர் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.

“அம்மா, அப்பிடியே போன வாசப்பக்கம் திருப்புங்க. மரத்தப் பாக்கணும். புளி காச்சிருக்கா?”

“வெளிய ஒரே வெயிலு புள்ள…”

“பரவால்லம்மா. இன்னைக்கு லைன் நல்லாத்தானே இருக்கு. திருப்புங்க.”

நேசம்மா போனை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு விஜேந்திரனை ஏறிட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து, “அம்மா? இருட்டா இருக்கும்மா. அம்மா?” என்று ரஜிதாவின் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

விஜேந்திரன் பிஸ்கட் டின்கள் இருந்த பக்கம் போனார். பெட்டியில் பச்சை விளக்குகள் ஒன்றுவிடாமல் எரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.