ஃபேபியர் வீட்டில் மிஞ்சியவன்

ஒரு குடும்பமே சேர்ந்து போருக்குப் போக ரோமாபுரியில் விண்ணப்பம் எதுவும் தேவைப்படவில்லை போலும். ஃபேபியர் என்ற பழைய குடும்பத்தார், நாட்டின் சண்டை ஒன்றைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, முந்நூறு பேருக்கு மேல் நகர வாசலைத் தாண்டிப் போனார்கள். ஆற்றங்கரையில் பகைவர் மறைந்திருந்து அத்தனை பேரையும் வெட்டினார்கள். சின்னவன் என்று வீட்டில் விட்டுப்போன ஒரு பையன் மட்டும் மிஞ்சினான். பிற்காலத்தில் அந்தப் பெயரோடு பெரிய பதவிகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவன் வழி வந்தவர்களாம்.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் நான் படித்த பெண்கள் பள்ளியில் லத்தீன் டீச்சர் இதை நாடகமாகப் போட்டார். வகுப்பில் குள்ளம் நான்தான். ஆகவே மிஞ்சும் பையனும் நான்தான். மற்றவர்களுக்கு அட்டை வாள், ரத்தத்துக்குத் தக்காளிச் சோஸ், விழுந்து சாகத் தாராளமான நேரம். எனக்கு ஒரு முக்காலியும் போர்வையும், வசனம் கிடையாது. நகர கவுன்சிலில் மக்களின் முறைப்பாடுகளைக் கையாண்டே ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், என் வழக்கு வலுவானது. வழிமுறை அப்போது தெரியாததால் மாமாவைப் பிடித்தேன்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். பகலில் எங்கள் சின்ன அறையில் தூக்கம். சண்டை நடந்த ஊரில் அவருடைய அண்ணன்மார் மூவரும் கூடிப் பேசி, சின்னவனாவது போகட்டும் என்று அவரை லண்டனுக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள். நாடகம் போட்ட வருடம் அவர்களிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. தபால் சரியில்லை என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். நானும் தபால் இலாகாவை வன்மையாகக் கண்டித்துவந்தேன்.

டீச்சரிடம் பேசி எனக்கொரு வாள் வாங்கித் தரச் சொன்னேன்.

"முதலிலை வந்து பாக்கிறன், பிள்ளை. பிறகு சண்டை பிடிப்பம்" என்றார்.

நாடகத்தன்று தூக்கத்தை விட்டுவிட்டு, வேலைச் சட்டையோடு வந்து பின்வரிசையில் இருந்தார். ஃபேபியர் ஒவ்வொருவராக விழ, பெற்றோர் சிரித்துக் கைதட்டினார்கள். நான் முக்காலியில் இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கேட்டார்:

"அந்தப் பொடியனிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"என்னத்தை மாமா?"

"நானும் வாறன் எண்டு சொல்லியிருப்பானெல்லோ."

"அவன் சின்னவன். அதாலை விட்டிட்டுப் போட்டினம்."

"ஓம். விட்டிட்டுப் போட்டினம்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாள் தராத அநியாயம் மாமாவையும் சுட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் டீச்சரிடம் போய், எங்கள் மாமாவுக்கும் இதில் முறைப்பாடு உண்டு என்று அறிவித்தேன். யாருக்கு எதிராக என்று அவர் விசாரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, மேடையில் செத்துப்போன ஒருத்தியின் வாளை எடுத்துத் தந்தார்.

கடிதம் எழுத அந்த அண்ணன்மாரில் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை என்பதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்துத்தான். வாள் கிடைத்த வாரத்துச் சனிக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் தலைமாட்டில் வாளை வைத்தேன். வழக்கு வென்றாயிற்று என்ற திருப்தியோடு, தபால்காரர் வருகிறாரா என்று பார்க்க வாசலுக்குப் போனேன்.